ரோட்டோரத்துப் பச்சை

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பர் மரங்களை யாரும் தொடவில்லை. பட்டையில் வெட்டிய காயம் மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. பால் வடிந்த கோப்பைகளில் மழை நின்றது, மழையில் கொசுப்புழு நெளிந்தது. விடியுமுன் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்க அடிக்கும் பெரட்டு மணி அடிக்கவில்லை. அடிக்காத மணிக்கும் நாங்கள் எழுந்துகொண்டோம். எழுந்து, முகம் கழுவி, லயத்து வாசலில் நின்று, போக இடமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தோம். கைக்கு வேலை இல்லாத நாட்களில் கை எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. எங்கே வைத்தாலும் மிஞ்சுகிறது.

மலாயாவில் கோலா பிலாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தோட்டம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. என் வீட்டுக்காரரும் பால்வெட்டு, நானும் பால்வெட்டு. பக்கத்துப் பக்கத்து நெரையில் மரம் வெட்டும்போதுதான் அவர் என்னைப் பார்த்தார், நான் அவர் வெட்டிய மரங்களைப் பார்த்தேன். பட்டையை அவர் சீவுவது வெங்காயத்தோல் உரிப்பது போல இருக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மற்ற ஆட்களை அழைத்து வந்து அவர் மரத்தைக் காட்டுவார், இப்படி வெட்டுங்கடா என்று. அப்போது என் வீட்டுக்காரர் குனிந்து கத்தியைத் துடைப்பார். காது மட்டும் சிவக்கும். அந்தக் காதுக்காகத்தான் நான் சம்மதித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்து சில மாதங்கள் கழித்துக் கங்காணி எல்லாரையும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டார். துரை இருந்தபோது துரையின் வாயாக இருந்தவர், இப்போது லோரியில் வரும் அதிகாரியின் வாயாக ஆகியிருந்தார். சட்டை அதே சட்டை. தொப்பியை மட்டும் கழற்றிவிட்டார்.

"இனிமே பாலு வேணாமாம். கெழங்கு வேணுமாம். கெழட்டு மரத்தச் சாய்ச்சிட்டு ஆளுக்கு ஒரு துண்டு நெலம் எடுத்துக்குங்க. வெளையறதுல பாதி லோரிக்கு, பாதி ஒங்களுக்கு. எந்த வீட்டுத் துண்டு நல்லா இருக்கோ, அந்த வீட்டு ஆம்பளய எடுக்க மாட்டான். சும்மா கெடக்கறவன் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போவான். அவ்ளோதான் லா."

கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "நல்லா இருக்கா இல்லியான்னு யாரு பாக்குறது, கங்காணியாரே?"

"அதிகாரிதான்."

"லோரிய விட்டு எறங்குவாரா?"

"எதுக்கு எறங்கணும்? பூட்சு மண்ணாயிடுமே. மேல நின்னே பாத்துக்குவான்."

சிலர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நின்று, மேலே நின்றே பார்ப்பான் என்ற அந்த வார்த்தையை மட்டும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார் என்பது எனக்கு மறுநாள் தெரிந்தது.

ஆற்றங்கரையில் கறுப்பு மண் இருந்தது. ஆட்கள் அங்கே ஓடினார்கள். அவர் ரோட்டோரத்துக்குப் போனார். லோரி திரும்பும் வளைவில், செம்மண்ணும் கல்லுமாக, எவரும் கேட்காத ஒரு துண்டு. முளையடித்துக் கயிறு கட்டி நின்றவரிடம், "இதுல என்னாங்க வெளையும்?" என்றேன்.

"தெரியும் புள்ள. இங்க வெச்சாத்தான் கண்ணுக்குத் தெரியும்."

விளையும் என்று அவர் சொல்லவில்லை. தெரியும் என்றார். அந்த வயசில் எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. அவர் போகக்கூடாது, அது ஒன்றுதான் எனக்கும் வேண்டியிருந்தது. சயாம் என்ற சொல் அப்போது லயத்துக்கு லயம் காய்ச்சல் போல நடந்துகொண்டிருந்தது. கடைசி லயத்தில் இரண்டு வீட்டில் ஆள் எடுத்துவிட்டார்கள். அந்த வீடுகளில் விளக்கேற்ற எண்ணெய் இல்லையா, மனம் இல்லையா, சாயங்காலமே இருட்டிக் கிடந்தன.

பக்கத்து மலாய் ஊரான கம்பத்துக்காரர்களிடம் என் வெள்ளிக் கொலுசைக் கொடுத்து மரவள்ளிக் குச்சி வாங்கி வந்தோம். குச்சி கொடுத்த பெரியவர் தன் கையை அகல விரித்துக் காட்டினார், இவ்வளவு தள்ளித் தள்ளி நடு என்று. என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வந்து, பாதி இடைவெளியில் நட்டார். பிறகு அந்த இடைவெளிக்கு நடுவிலும் ஒன்று நட்டார். கயிறு பிடித்து, ரப்பர் நெரை போல, ஒரு குச்சி இம்மி விலகாமல்.

"எடம் விட்டா மண்ணு தெரியும்," என்றார். "மண்ணு தெரிஞ்சா சும்மா கெடக்குன்னு நெனச்சிக்குவான்."

எங்கள் துண்டிலிருந்து தண்ணீர் ஓடும் ஒரு காணைத் தாண்டினால் சரிவு. அந்தச் சரிவின் பின்பக்கத்தில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு அக்கா பயிர் வைத்திருந்தார். சண்டை தொடங்கிய வருஷமே காய்ச்சலில் புருஷனைக் கொடுத்தவர். பிள்ளை இல்லை. அவர் துண்டைப் பார்த்தால் தோட்டம் என்று சொல்லமாட்டீர்கள், யாரோ குப்பை கொட்டிவிட்டுப் போன இடம் என்பீர்கள். இங்கொரு மேடு, அங்கொரு மேடு, மேலே சர்க்கரைவள்ளிக் கொடி தலைவிரித்துக் கிடக்கும். அடுப்புச் சாம்பல் முழுவதும் அங்கேதான் போகும். பக்கத்து வீட்டு அடுப்புச் சாம்பலையும் கேட்டு வாங்கிப் போவார்.

அவர் எங்கள் துண்டைத் தாண்டும்போதெல்லாம் நின்று வாயைக் கொடுப்பார்.

"என்னா தம்பி, கல்யாணப் பந்தலா போடறீங்க?"

"போடத்தான் போடறேன். ஒங்களுக்குப் பத்திரிகை வைக்கல, கோச்சுக்காதீங்க."

"பந்தலுக்குக் காலு நட்டாப்புல இவ்ளோ நெருக்கி நட்டா, பூமிக்கடியில கெழங்கு எங்கப்பா படுக்கும்? ஒன்னு மேல ஒன்னா? மாட்டுச் சாணியும் மூத்தரமுமா கொண்டாந்து கொட்டறீங்க. அதுக்கு எலதான் வரும். சாம்பலு போடுங்க."

"எனக்கு எலதான் வேணும்க்கா."

அக்கா சிரிப்பை நிறுத்தினார். என் வீட்டுக்காரருக்கும் ஏதோ கூச்சம் வந்திருக்க வேண்டும், வாய் கோணிப்போய் ஒன்றைச் சொல்லிவிட்டார். "ஒங்களுக்கென்ன, ஒங்க வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போக யாரு இருக்கா?"

அந்த வார்த்தை காணுக்கு மேலே அப்படியே நின்றது. அக்கா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "யாருமில்ல," என்றார். "அதான் எனக்குக் கெழங்கு வெளையுது."

இப்போது, இத்தனை வருஷம் கழித்து, ரேடியோவில் சிறு தோட்டக்காரர்களுக்கு என்று ஒரு பேச்சு வைக்கிறார்கள். படித்த குரல். லாபம் தெரிந்தால் விவசாயி உழைப்பான், உழைத்தால் லாபம் வரும் என்கிறது. நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறேன், பாதியில் எழுந்து போகிறேன், திரும்ப வருகிறேன். உட்கார முடிவதில்லை. அந்தக் குரலை அழைத்துப்போய் அந்த வளைவில் நிறுத்த வேண்டும் போல இருக்கிறது. ஒரே மண், ஒரே மழை. அக்கா வயிற்றுக்கு நட்டார், கிழங்கு வந்தது. கங்காணி தன் வீட்டுக் கொல்லையில் சந்தைக்குப் புகையிலை நட்டார், அது கோலா பிலா போய் அரிசியாகவும் துணியாகவும் திரும்பி வந்தது. நாங்களெல்லாம் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி மட்டும் சேலையில் இருந்தாள். என் வீட்டுக்காரர் ஒரு மனிதனின் பார்வைக்கு நட்டார். பார்வைக்கு எது வருமோ அது வந்தது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. மூன்று பேரில் அதிகம் உழைத்தவர் அவர்தான்.

வேறு எப்படி நட்டிருப்பார்? பிறந்ததிலிருந்து யாரோ வந்து பார்க்கும் மரத்தைத்தான் அவர் வெட்டினார். காயம் ஆழமா, பட்டை வீணாகிறதா, நெரை சுத்தமா என்று மண்டோர் பார்ப்பார், மண்டோர் பார்த்ததைக் கணக்கெழுதும் கிராணி பார்ப்பார், கிராணி பார்த்ததைத் துரை பார்ப்பார். அந்தக் கடைசிக் கண்ணுக்கு அப்பால் வேலைக்கு வேறு பயன் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் யாரும் சொன்னதில்லை. வாழ்க்கையில் முதல்முறை கையில் ஒரு துண்டு மண் வந்தபோதும் அவர் ரோட்டைப் பார்த்துத்தான் நின்றார்.

மரவள்ளி எழுந்தது. என்ன பச்சை அது. காற்று வந்தால் விரல் விரலாக ஆடும் இலைகள் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பி, வெளிறி, மறுபடி பச்சைக்கு வரும். அடியில் வெயில் இறங்க வழியில்லை. சிவந்த காம்புகள் நெருக்கியடித்துக் கொண்டு ஆள் உயரத்துக்கு நின்றன. அவர் காய்ந்த இலையைக் கூட விடமாட்டார், தலையில் பேன் பார்ப்பது போலக் குனிந்து குனிந்து பொறுக்குவார்.

லோரி வந்தது. வளைவில் நின்றது. அதிகாரி மேலே நின்றபடியே பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்றான். நல்லது என்பதற்கு அவனுக்குத் தெரிந்த மலாய் அவ்வளவு. அன்று சாயங்காலம் கங்காணி ஒரு இலையில் உப்பு மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், அதிகாரி கொடுக்கச் சொன்னதாக. உப்பு கிடைக்காத காலம். என் வீட்டுக்காரர் அதைக் கூரையில் தொங்கிய சட்டியில் வைத்தார். காது சிவந்திருந்தது. எனக்கு அந்தக் காதைப் பார்த்து முதல்முறையாகப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து பசிக்குக் கட்டளை வந்தது. "எலயக் கிள்ளாத," என்றார். மரவள்ளிக் கொழுந்தை அவித்தால் கீரை. மலாய்க்காரர்கள் சாப்பிடுவார்கள், நாங்களும் சாப்பிடப் பழகியிருந்தோம். கண்ணெதிரே இவ்வளவு இலை, அடுப்பில் வெறும் தண்ணீர். "தோண்டிப் பாக்காத," என்றார். "ஒரு செடி சாஞ்சாலும் வாயில பல்லு போனாப்புல தெரியும்."

"பல்லு எதுக்குங்க, மெல்ல ஒன்னுமில்லாம?" என்றேன் ஒருநாள்.

அன்று மத்தியானம் நான் துண்டின் பின்பக்கம், ரோட்டிலிருந்து தெரியாத கடைசி நெரையில், மடி நிறையக் கொழுந்து கிள்ளினேன். நிமிர்ந்தால் அவர் நிற்கிறார். கையில் சாணிக் கூடை. என்னைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். பிறகு கூடையை இறக்கி வைத்து, திரும்பி நின்று, எங்கோ மேகத்தைப் பார்ப்பது போல நின்றுகொண்டார், நான் கிள்ளி முடிக்கும் வரைக்கும். அந்த முதுகை நான் மறக்கவில்லை. ராத்திரி கீரையைப் பிழிந்து அவித்து, கூரையில் இருந்த உப்பில் ஒரு சிட்டிகை போட்டு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு," என்றார். எங்கள் குடித்தனத்தில் சந்தோஷமான நேரம் எது என்று யாராவது கேட்டால் நான் அந்தச் சாப்பாட்டைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மழை மாதம் முடிந்து மறுபடி லோரி வந்தது. இந்தமுறை காலி லோரி. காலி லோரியின் சத்தம் வேறு, பலகை அடித்துக்கொண்டு வரும். லயத்தில் ஆம்பளைகள் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் போனார்கள். அவர் போகவில்லை. அவசரமாகக் கையைக் கழுவினார், சாக்குத் துணியை இழுத்துக் கட்டினார், துண்டின் முன்னால் போய் நின்றார். ஓட வேண்டியது தோட்டம் சரியில்லாதவன் அல்லவா.

அதிகாரி லோரியை விட்டு இறங்கினான். பூட்ஸ் மண்ணில் புதைந்தது. முதல் நெரைக்குள் நுழைந்து, இலையை விலக்கி, கொஞ்ச தூரம் உள்ளே போய்த் திரும்பி வந்தான். யாருடையது என்று கேட்டிருப்பான் போல, கங்காணி கையை நீட்டுமுன் அவரே ஓரடி முன்னால் வந்தார். அதிகாரி அவர் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தான், மாட்டைப் பார்ப்பது போல. கங்காணியிடம் ஏதோ சொன்னான்.

கங்காணி தரையைப் பார்த்துச் சொன்னார். "சயாமுல ஆளுங்க தங்கற எடத்துல காய்கறி போட ஆளு வேணுமாம். பயிரு வைக்கத் தெரிஞ்ச ஆளா வேணுமாம். மூணு மாசந்தான்னு சொல்றான்."

"துண்டு நல்லா இருந்தா எடுக்க மாட்டான்னீங்களே, கங்காணியாரே," என்றார் என் வீட்டுக்காரர்.

"சொன்னேன். அன்னிக்கு அவன் அப்பிடித்தான் சொன்னான்."

"இப்ப?"

"துண்டு நல்லா இல்லாதவன எல்லாம் முன்னமே ஏத்திட்டுப் போயிட்டான்பா. இனிமே மிச்சமிருக்கறது நல்லாருக்கறவன்தான."

கங்காணியின் புகையிலையைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. லோரிக்காரர்கள் வாயில் அது புகைந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். முகத்தில் பயத்தைவிட ஒரு குழப்பம். கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிற முகம். தேடித் தேடி ஏதோ கிடைத்துவிட்டது போல, அவசரமாகச் சொன்னார். "முன்னால இருக்கற நெரையில கைய வைக்காத புள்ள. காய்கறி போடத்தான கூப்புடறான், நல்ல வேலைதான். திரும்பி வர்றப்ப லோரி இந்த வளைவுலதான் திரும்பும். பச்சையா இருக்கணும். அப்பத்தான் நம்ம எடம்னு எறக்கி விடுவான்."

"சரிங்க," என்றேன். அவரை ஏற்றிக்கொண்டு லோரி கிளம்பியது. பலகைச் சத்தம் இப்போது இல்லை. ஆள் ஏறிய லோரிக்குச் சத்தம் குறைவு.

சில நாள் கழித்துப் பாதி விளைச்சல் கேட்டு ஆள் வந்தார்கள். பின்பக்க நெரைகளைப் பிடுங்கினேன். அக்கா உதவிக்கு வந்தார். இரண்டு கையாலும் தண்டைப் பிடித்து இழுத்தேன், பாரத்தை எதிர்பார்த்து இழுத்தவள் சுலபமாக வந்துவிட்டதில் பின்னால் விழுந்தேன். வேரில் விரல் விரலாக, நூல் நூலாக, மஞ்சள் கிழங்கைவிடச் சின்னதாக ஏதோ தொங்கியது. அடுத்த செடியும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒரு நெரை முழுவதும் பிடுங்கிக் கூடையின் அடி மறையவில்லை.

கங்காணி கூடையை எட்டிப் பார்த்தார். "இவ்ளோ எலைக்கு இதானா?"

"பாதி எடுத்துக்குங்க," என்றேன்.

எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி என்ன, முழுதென்ன.

அன்றைக்கே சொன்னேனே என்று அக்கா சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. அவர் தன் மேட்டிலிருந்து சர்க்கரைவள்ளி தோண்டி வந்தார், முழங்கை கனத்துக்கு, மண்ணோடு. நான் என் இலையைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரே அடுப்பில்தான் பொங்கினோம். "எலயாச்சும் நல்லா வந்துச்சே," என்பார் அவர், கீரையைப் பிழிந்துகொண்டு. கேலியா ஆறுதலா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில்.

முன் நெரையில் நான் கை வைக்கவில்லை. சாணி சுமந்தேன், காய்ந்த இலை பொறுக்கினேன். மூன்று மாதம் போனது. அதற்கு மேல் எண்ணுவதை விட்டேன். லோரிகள் வளைவில் திரும்பின, எதுவும் நிற்கவில்லை. செடிகள் உயர்ந்து உயர்ந்து, கீழே மொட்டையாகி, உச்சியில் மட்டும் ஒரு கொத்துப் பச்சையை ஏந்திக்கொண்டு நின்றன. அப்போதும் ரோட்டிலிருந்து பார்க்க அது தோட்டம்தான். பயந்தவளுக்கு அது போதும். எதிர்பார்க்கிறவளுக்கும் போதும். சாப்பிட வேண்டியவளுக்குத்தான் போதாது.

சண்டை முடிந்தது. சயாமுக்குப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள், காலில் புண்ணும் வயிற்றில் காய்ச்சல் கட்டியுமாக. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். அவரைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. "காய்கறி போடக் கூட்டிட்டுப் போனாங்கண்ணே," என்றேன் கடைசி லயத்துக்காரரிடம். "அங்க ஏதும்மா காய்கறித் தோட்டம்," என்றார்.

புதுத் துரை வந்தார். பெரட்டு மணி மறுபடி அடித்தது. கங்காணி தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். கிழங்கு இனி வேண்டாம், ரப்பர் கன்று வைக்க வேண்டும் என்று உத்தரவு. ரோட்டோரத்திலிருந்து தொடங்கச் சொன்னார்கள், துரை காரில் வரும்போது தெரியும் என்று. என்னை அந்தக் கூட்டத்தில் போட்டார்கள். தெரிந்து போட்டாரா, தெரியாமல் போட்டாரா என்று கங்காணியை நான் கேட்கவில்லை.

முன் நெரையை நானே தோண்டினேன். வருஷக்கணக்காகப் பூமியில் கிடந்ததில் அவை பருத்திருந்தன. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். கத்தியால் ஒரு போடு போட்டேன். கத்தி ஏறவில்லை. உள்ளே நார், நாருக்குள்ளே நார், மரம். அக்கா ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தார். "அடுப்புக்கு ஆவும்," என்றார். கட்டி எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் கங்காணி வந்து பார்த்தார். சின்னத் துண்டு, முழுநாள் வேலை இல்லை என்று எனக்கு அரைப் பேர் போட்டார். அரைநாள் கூலி. அந்த மண்ணிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த வரும்படி அது மட்டும்தான். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து, லோரி திரும்பும் வளைவில் நின்று, அதிகாரி பார்த்த இடத்திலிருந்து பார்த்தேன்.

மண் தெரிந்தது.